எஸ் இல்லாத தாள்

நைனாவின், அதாவது என் அப்பாவின், கல்ச்சர் ரிப்போர்ட் வந்த அன்று ஐ.சி.யூ.வுக்கு வெளியே இருந்த ஹாலில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம். 2022 மே மாதம். வேலூர் வெயிலில் மின்விசிறி தள்ளிய காற்றும் அனலாகத்தான் இருந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனேன். முப்பது வயதுகூட ஆகியிருக்காத ஒரு டாக்டர் தாளை நீட்டினார். அவர் விளக்க ஆரம்பிப்பதற்குள் நான் படித்துவிட்டேன். மருந்தாளுநர் படிப்பான டி.பார்ம் படித்தவன், ஒன்பது வருஷம் குடியாத்தத்தில் மெடிக்கல் ஷாப்பில் நின்றவன். அந்தத் தாளைப் படிக்க எனக்குத் தெரியும்.

இடது பக்கம் ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும். ஆர் என்றால் அடங்காது. ஐ என்றால் இரண்டுக்கும் நடுவில். நான் எஸ்ஸைத் தேடிக்கொண்டே கீழே இறங்கினேன். அமிக்காசின், ஆர். செஃப்ட்ரியாக்சோன், ஆர். சிப்ரோஃப்ளாக்சசின், ஆர். பைப்பராசிலின், ஆர். மூன்று நாளாக நைனாவுக்கு ஏறிக்கொண்டிருந்த மெரோபெனமுக்கும் ஆர். கடைசி வரியில் கொலிஸ்டின். அதற்கு நேரே ஐ.

மேலே கிருமியின் பெயர் இருந்தது: கிளெப்சியெல்லா நிமோனியே.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். “இன்னாடா எழுதிக்கீது அதுல?”

“மருந்து பேரும்மா” என்றேன். “மருந்த மாத்தப் போறாங்களாம்.”

அவள் அந்தத் தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நைனா கைலி நெசவு செய்கிறவர். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முந்தின நாள், பள்ளிகொண்டா பக்கம் உறவுக்காரர்களை அழைக்க வண்டியில் போனவர் திரும்பி வரும்போது கீழே விழுந்தார். விலா எலும்புகள் மூன்று முறிந்திருந்தன, தலைக்குள் ரத்தக் கசிவு. அன்று ராத்திரியே வேலூருக்குக் கொண்டுவந்து ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் ஊரில் அம்மன் சிரசு ஊர்வலம் போன நேரத்தில் நாங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று சொன்னார்கள், உண்மையாகவே நன்றாகத்தான் முடிந்திருந்தது. விபத்தால் வந்த அபாயத்தை ஐந்தாறு நாளில் அவர் கடந்துவிட்டார். ஏழாம் நாள் காய்ச்சல் வந்தது.

எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. அவர்கள் ஒரு மனிதரைக் காப்பாற்றப் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் அந்தக் கிருமி வெளியிலிருந்து நைனாவோடு வரவில்லை, உள்ளே இருக்கும்போதுதான் பிடித்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வென்டிலேட்டரில் படுத்திருக்கும் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அந்த டாக்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். மூச்சுக்குழாயில் பிளாஸ்டிக் குழாய் இறங்கியிருக்கிறது. மூக்கு வடிகட்ட வேண்டியதை வடிகட்டுவதில்லை. மயக்க மருந்தில் இருப்பதால் இருமல் இல்லை. நாம் தூக்கத்தில்கூட விழுங்கிவிடும் எச்சில், குழாயைச் சுற்றித் தேங்கி, துளித் துளியாக நுரையீரலுக்குள் கசிகிறது. குழாயின் உள்சுவரில் கிருமிகள் பாசி மாதிரி படலம் கட்டிக்கொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக நுழையாது. அதனால்தான் கட்டிலின் தலைமாட்டை முப்பது டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைக்கிறார்கள், வாயைத் துடைத்துச் சுத்தம் செய்கிறார்கள், தினமும் கொஞ்ச நேரம் மயக்க மருந்தை நிறுத்தி, குழாயை எடுத்துவிட முடியுமா என்று பார்க்கிறார்கள். இதுபோக, மருந்து ஏற்றக் கழுத்தில் ஒரு லைன், சிறுநீருக்கு ஒரு குழாய். உயிரைப் பிடித்துவைக்கப் போட்ட ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு ஒரு வாசல்.

காய்ச்சல் வந்த அன்று குழாயிலிருந்து சளியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கிருமி தட்டில் வளர ஒரு ராத்திரி ஆகும். அது இன்னதென்று கண்டுபிடித்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க இன்னொரு நாள், சில சமயம் அதற்கு மேலும். அதுவரை டாக்டர்கள் அனுபவத்தை வைத்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். அப்படித் தேர்ந்தெடுத்ததுதான் மெரோபெனம். நான் கடையில் நின்ற காலத்தில் மெரோபெனம் ஊசி வேண்டும் என்று யாராவது சீட்டோடு வந்தால், ஏதோ பெரிய விஷயம் என்று நாங்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவோம். அந்த மருந்து மூன்று நாள் என் நைனாவின் ரத்தத்தில் ஓடி, அந்தக் கிருமியை ஒன்றும் செய்யவில்லை.

கடையைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

2007 முதல் 2016 வரை குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தேன். காலையில் கடை திறந்ததும் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிற பெண்கள் வருவார்கள், பீடி சுற்றுகிறவர்கள், தறிக்காரர்கள் வருவார்கள். “இன்னாண்ணா, ஜுரத்துக்கு ஒரு செட்டு குடு.” செட்டு என்றால் எங்கள் கடையில் நாலு மாத்திரை. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, அப்புறம் ஓர் ஆன்டிபயாட்டிக் கேப்சூல். ரெண்டு வேளைக்கு என்றால் ரெண்டு செட்டு. பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். வெட்டும்போது பெயர் ஒரு துண்டிலும் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். வாங்கிப் போகிறவருக்குத் தான் சாப்பிட்டது இன்னது என்று கடைசிவரை தெரியாது.

அவர்களுக்கு வந்தது பெரும்பாலும் சாதாரணச் சளிக் காய்ச்சல். வைரஸ். அதற்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கேப்சூல் இல்லாமல் கொடுத்தால் “பவரே இல்லியே” என்று எதிர்க்கடைக்குப் போவார்கள். ஒருநாள் கூலி போனால் அடுத்த நாள் அடுப்பு எரியாத வீடுகள். டாக்டரிடம் போனால் பீஸ், அதற்கு மேல் அரை நாள் போய்விடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. குறை சொல்ல வேண்டியது கத்தரிக்கோல் பிடித்த கையைத்தான்.

2014 மார்ச் 1 முதல் ஷெட்யூல் எச்1 விதி அமலுக்கு வந்தது. செஃபிக்ஸிம் மாதிரியான மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், மெரோபெனம் மாதிரியான கார்பபெனம்கள் எனப் பல மருந்துகளுக்குத் தனி ரெஜிஸ்டர் வைக்க வேண்டும். சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுத வேண்டும். மூன்று வருஷம் அதைப் பாதுகாக்க வேண்டும். நல்ல விதி. எங்கள் கடையில் அந்த ரெஜிஸ்டர் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் நிரம்பும். பகலில் சீட்டு இல்லாமல் போன செஃபிக்ஸிமுக்கெல்லாம் ஏதோ ஒரு டாக்டர் பெயரை உட்கார்ந்து எழுதுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு. இரண்டு வருஷம் அதைச் செய்தேன். இதுவரை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். பெனிசிலினை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கும் காலம் வரும் என்றார். தொண்டை வலிக்காக ஒருவர் தானே வாங்கிக் குறைந்த அளவில் சாப்பிடுகிறார், கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது, அவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றுகிறது, மருந்து பலிக்காமல் அந்த அம்மா இறந்துபோகிறார் என்று கற்பனையாக ஒரு குடும்பத்தைச் சொன்னார். டி.பார்ம் படிக்கும்போது இந்தக் கதை பரீட்சைக்குக்கூட வராது என்று தாண்டிப் போனேன். ஐ.சி.யூ. ஹாலில் ராத்திரி ரெண்டு மணிக்கு, சிமென்ட் பெஞ்சில் படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தபோது, அந்தக் கதையில் கடைக்காரரும் ஒருவர் இருக்கிறார் என்பது உறைத்தது.

நான் வெட்டிக் கொடுத்த கேப்சூல்தான் நேராக நைனாவின் நுரையீரலுக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லவில்லை. அவ்வளவு நேர்க்கோட்டில் இது நடப்பதில்லை. கேப்சூல் சாப்பிடுகிறவரின் குடலில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கிறது. மருந்துக்கு அடங்குவது செத்துப்போகும், அடங்காதது மிஞ்சிப் பெருகும். அது கழிவோடு சாக்கடைக்குப் போகிறது, கௌண்டன்ய நதிக்கும் பாலாற்றுக்கும் போகிறது, கைகள் வழியாக இன்னொரு குடலுக்குப் போகிறது. இதில் கிளெப்சியெல்லா மாதிரிக் கிருமிகள் செய்கிற இன்னொரு காரியம் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு தெருவில் புதுசாக ஒரு கட்டம் போட்டுக் கைலி ஓடினால், எந்த நிறத்தில் எத்தனை இழை என்ற கணக்குச் சீட்டு கைமாறி, அடுத்த வாரமே பக்கத்துத் தெருத் தறிகளிலும் அதே கட்டம் ஓடும். அதே மாதிரி, மருந்தை எதிர்க்கும் வித்தையை எழுதிய சின்ன மரபணு வளையம் ஒன்றை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுக்கிறது. பிளாஸ்மிட் என்று பெயர். தன் இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சாதுவான குடல் பாக்டீரியாவிடமிருந்து ஆளைக் கொல்லும் பாக்டீரியாவுக்கு அந்தச் சீட்டு போய்விடும்.

ஐ.சி.யூ. என்பது இந்தச் சீட்டுகள் அதிகமாகப் புழங்கும் இடம். ஒவ்வொரு கட்டிலிலும் வீரியமான மருந்துகள், ஒவ்வொருவர் உடம்பிலும் குழாய்கள், எல்லோரையும் தொட்டாக வேண்டிய சில ஜோடிக் கைகள். அதிலும் வேலூர் நோயாளிகளின் ஊர். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த காலத்திலிருந்து இங்கே வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். காட்பாடியில் ரயில் நின்றால் வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் என்று குடும்பம் குடும்பமாக இறங்குகிறது. காந்தி ரோடு லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து. வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ரெண்டு மூன்று ஆஸ்பத்திரிகளைப் பார்த்து, கிடைத்த ஆன்டிபயாட்டிக்கையெல்லாம் சாப்பிட்டு, ஒன்றும் பலிக்காமல் கடைசியாக இங்கே வருகிறவர்கள். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளிப் பெரியவர் மகளுக்காக வந்திருந்தார். பாஷை தெரியாது. பொரியைப் பொட்டலத்தில் கலந்து தினமும் சாயங்காலம் அம்மாவுக்கு ஒரு பங்கு நீட்டுவார்.

ரிப்போர்ட் வந்த அன்றே கொலிஸ்டின் ஆரம்பித்தார்கள். இந்த மருந்தின் கதை விசித்திரமானது. 1940-களின் கடைசியில் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஓரங்கட்டிவிட்டார்கள். நல்ல மருந்துகள் நிறைய இருந்ததால் அப்படி ஒதுக்க முடிந்தது. அவை ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு, பரணில் போட்ட பழைய பாத்திரத்தை இறக்குவது மாதிரி மறுபடி எடுத்திருக்கிறார்கள். இதே கொலிஸ்டினைத்தான் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள், கோழி சீக்கிரம் எடை போட வேண்டும் என்று. கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணுவும் பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டது என்று 2015-ல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. இந்தியாவில் கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2019-ல்தான் தடை செய்தார்கள்.

அந்த ‘ஐ’ எதனால் என்று டாக்டரிடம் கேட்டேன். இப்போது ஆய்வகங்கள் பின்பற்றும் அமெரிக்க அளவுகோலில், 2020 முதல் கொலிஸ்டினுக்கு எஸ் என்ற எழுத்தே கிடையாது என்றார். அதிகபட்சமே ஐ. உடம்பு தாங்கும் அளவில் கொடுத்தால் கிருமி நிச்சயமாகச் சாகும் என்று சொல்ல முடியாத மருந்து அது. “இது ஒண்ணுதான் கைல இருக்கு. கிட்னியப் பார்த்துக்கிட்டே குடுப்போம்” என்றார். அவர் ஒளிவு மறைவு இல்லாமல் அப்படிச் சொன்னது எனக்கு ஒரு விதத்தில் தெம்பாக இருந்தது.

நாலாம் நாள், சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏற ஆரம்பித்தது. சிறுநீர்ப் பையில் அளவு குறைந்துகொண்டே வந்தது.

அதற்குள் இன்னொரு பரிசோதனை முடிவும் வந்திருந்தது. நைனாவின் கிருமியில் இருந்தது, மருந்தை உடைக்கும் என்.டி.எம். என்ற நொதியை உண்டாக்கும் மரபணு. பெயரைக் கேட்டதும் 2010 ஞாபகம் வந்தது. புது தில்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் முதலில் கண்டுபிடித்தார்கள், அதனால் பெயரிலேயே என்.டி. என்று நியூ டெல்லி ஒட்டிக்கொண்டது. 2010-ல் வந்த ஆய்வில் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் இருப்பதாகச் சொன்னார்கள். டி.வி.யில் பெரிய சண்டை. இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டு நோயாளிகளைத் தடுக்கிற சதி என்று சிலர் கோபப்பட்டார்கள். கடையில் நாங்களும் அதையே பேசினோம், பேசிக்கொண்டே செட்டு மடித்தோம். பெயருக்காகக் கோபப்பட்ட அளவுக்கு மரபணுவுக்காகக் கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நடந்திருக்கும். 2012-ல் சென்னையில் டாக்டர்கள் கூடி, ஆன்டிபயாட்டிக்கைக் கட்டுப்படுத்த ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். எச்1 விதியெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

என்.டி.எம். என்று தெரிந்ததால் ஒரு வழி கிடைத்தது. இந்த நொதி ஏறக்குறைய எல்லா பெனிசிலின் வகை மருந்துகளையும் உடைத்துவிடும், ஆனால் அஸ்ட்ரியோனம் என்ற மருந்தை அதனால் உடைக்க முடியாது. சிக்கல் என்னவென்றால், அதே கிருமியிடம் அஸ்ட்ரியோனத்தை உடைக்கும் வேறு நொதிகளும் இருக்கும். அவிபாக்டம் என்ற மருந்து அந்த வேறு நொதிகளைக் கட்டிப்போடும். ஆக, செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஒரு பக்கம், அஸ்ட்ரியோனம் இன்னொரு பக்கம், இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு நாளைய மருந்தின் விலை, நைனா ஒரு மாசம் தறியில் உட்கார்ந்து சம்பாதிப்பதைவிட அதிகம். தங்கச்சி வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். என் பி.எஃப். பணத்தை எடுத்தேன். எடுக்க முடிந்தது.

எடுக்க முடியாதவர்கள் அதே ஹாலில் இருந்தார்கள். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா, புருஷனுக்குக் கணையத்தில் கோளாறு. அவருக்கு அசினெட்டோபாக்டர். காய்ந்த கட்டில் கம்பியில்கூட வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் கிருமி அது. அந்த அக்கா என்னிடம் தாளைக் காட்டி, “தம்பி, இதுல எது நல்லது?” என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. “டாக்டர் சொல்வாருக்கா” என்றேன். மூன்றாம் நாள் விடிகாலை அவரைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், பெஞ்சில் இருந்த தட்டு, டம்ளர், போர்வையை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தார். எங்கள் அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகம் முழுக்க நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் போர்வை மடிக்கிற கைதான் தெரிகிறது. இறப்புச் சான்றிதழில் கணையம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

கை என்றதும் சிஸ்டரைச் சொல்ல வேண்டும். ஐ.சி.யூ.வில் காலையும் மாலையும் பத்து நிமிஷம் பார்க்க விடுவார்கள். உள்ளே நுழையும்போது கையில் சானிடைசர் தேய்த்துக்கொள்வேன். முதல் நாள் நைனாவின் காலைத் தொட்டுவிட்டு அப்படியே வெளியே வந்தேன். “அண்ணா, போறப்பவும் தேய்ங்க. அப்பாவ மட்டும் இல்ல, கட்டிலத் தொட்டாலும் தேய்ங்க” என்றார் சிஸ்டர். சின்னப் பெண், இருபத்துமூன்று வயசு இருக்கலாம். அப்புறம் தினமும் அவரைக் கவனித்தேன். நைனாவைத் தொடும் முன் தேய்ப்பார், லைனில் ஊசி ஏற்றும் முன் தேய்ப்பார், சளி உறிஞ்சிய பின் கிளவுஸைக் கழற்றித் தேய்ப்பார், பக்கத்துக் கட்டிலுக்குப் போகும் முன் மறுபடி. பத்து நிமிஷத்துக்குள் எட்டு முறை எண்ணினேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. வீட்டுக்குப் போனால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாராம். 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டில் கையைக் கழுவுங்கள் என்று சொன்னதற்கு சக டாக்டர்களே அவரை ஏற்கவில்லை என்று படித்திருக்கிறேன். புது மருந்து கண்டுபிடிக்கப் பல வருஷம் ஆகும். இந்தப் பெண் அரை நிமிஷத்தில் செய்கிற காரியம் கிருமியை அடுத்த கட்டிலுக்குப் போகவிடாமல் நிறுத்துகிறது. ராத்திரி ஷிப்டில் ஒரு சிஸ்டர் ரெண்டு பேருக்குப் பதில் நாலு பேரைப் பார்க்க நேரும்போது அந்த அரை நிமிஷம்தான் முதலில் போய்விடும். அது அவர் தப்பு இல்லை. கூட ஆள் போட வேண்டும்.

மருந்தை மாற்றிய ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகத்துக்காக ஆறு முறை டயாலிசிஸ் செய்தார்கள். தொண்டையில் துளையிட்டு வைத்த குழாயோடு இன்னும் பல நாள். ஜூலையில் வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

கிளம்பும் முன் அந்த டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். காய்ச்சல் தீர்ந்தாலும் அந்தக் கிருமி நைனாவின் குடலில் மாதக்கணக்கில் இருக்கலாம். அது நோய் இல்லை, ஒதுக்கி வைக்க வேண்டாம், பேரப்பிள்ளையைக் கொஞ்சலாம். கழிப்பறைக்குப் போய் வந்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சாப்பிடும் முன் கழுவ வேண்டும், வீட்டில் எல்லோரும். இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தத் தாளைக் காட்ட வேண்டும். அப்புறம் என்னைப் பார்த்து, “சும்மா சளிக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் குடுத்துறாதீங்க, நீங்க ஃபார்மசிக்காரர், உங்களுக்குத் தெரியாததில்ல” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அம்மா பின்கட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் ஆணியடித்து, பழைய கைலித் துணியில் சின்னப் பை தைத்து, அதில் சோப்பைத் தொங்கவிட்டிருக்கிறாள். நைனாவால் இப்போது தறி மிதிக்க முடியாது, உட்கார்ந்து தறிக்கு நூலைத் தார் சுற்றுகிறார். குரல் இன்னும் கரகரவென்றுதான் வருகிறது. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவரிடம் ஓடி, தாத்தா நானும் சுத்துறேன் என்று கையை நீட்டுவாள். நேற்றும் நீட்டினாள். நைனா அந்தச் சின்னக் கையைப் பிடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சோப்பு வாசனை வருகிறதா என்று பார்த்துவிட்டு, நூலைக் கொடுத்தார்.